விதி செய்யும் உரிமை கரையில் இருக்கட்டும்

மன்னார்க் கரையோரக் கிராமங்களில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்த காலத்தில் நான் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு கடலையோ காட்டையோ அதை நம்பி வாழும் ஊர் பாதுகாக்க வேண்டுமென்றால், அதற்கான விதியைச் செய்யும் உரிமை அந்த ஊரின் கையில் இருக்க வேண்டும். இதை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் நான் படிக்கவில்லை. வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களிடமும், மீனவர் சங்கக் கட்டடத்தில் குரலை உயர்த்திச் சண்டை பிடித்த ஆண்களிடமும் படித்தேன்.

மன்னார்த் தீவு நீண்டு ஒடுங்கிய மணல் நிலம். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் தென்கரை கொந்தளிக்கும். தொழில் வடகரைக்கு மாறும். வடகிழக்கு வாடைக் காலத்தில் தென்கடல் அடங்கும். கரைவலைகள் அங்கே இறங்கும். ஒரு கரையில் குடியிருப்பவர்கள் பருவத்துக்குப் பருவம் மறுகரையில் போய்த் தொழில் செய்ய வேண்டியிருப்பதால், யார் எங்கே எப்போது வலை இறக்கலாம் என்ற பேச்சு இந்தத் தீவில் ஓய்ந்ததே இல்லை. கரைவலை இழுக்கப் பாடு எனும் வகுத்த கரைத்துண்டு உண்டு. பாட்டுக்கு முறை உண்டு. முறை தவறினால் விசாரணை உண்டு. கடற்றொழில் திணைக்களம் வருவதற்கு முன்பே இவை இருந்தன. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது இந்தப் பழைய வழக்கங்களின் மேல்தான் அவை ஊன்றி நின்றன.

போர் முடிந்த 2009க்குப் பிறகு எங்கள் பக்கம் தொண்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தன. படகு கொடுத்தார்கள், இயந்திரம் கொடுத்தார்கள், கோழிக்கூடும் தையல் இயந்திரமும் கொடுத்தார்கள். எல்லாம் இழந்து நின்ற சனத்துக்கு அவை தேவைப்பட்டன; அந்த உதவியை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று ஒரு புதுக் குழுவைக் கேட்டது. ஏற்கெனவே ஊரில் மீனவர் சங்கம் இருந்தது, கிராம அபிவிருத்திச் சங்கம் இருந்தது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருந்தது, கோயில் சபை இருந்தது. அவற்றுக்கு மேலே சூழல் குழு, சேமிப்புக் குழு, கண்காணிப்புக் குழு என்று அடுக்கினோம். ஒரே பெண் நாலைந்து குழுக்களில் பெயர் கொடுத்திருப்பார். நண்டு கழற்றும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, வரவு இடாப்பில் கையெழுத்திட்டு, தேநீர் குடித்துவிட்டு ஓடுவார். திட்டம் முடிந்த அன்றே குழுவும் முடிந்துவிடும்.

அந்தக் காலத்தில் நான் வேலை செய்த நிறுவனம் ஒன்று கண்டல் நடுகைத் திட்டம் கொண்டுவந்தது. கொழும்பில் வரைந்த திட்டம். எத்தனை ஆயிரம் கன்று, எந்த மாதம், எந்தக் கரை என்பதெல்லாம் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. தெரிவான இடம் வற்றுப் பெருக்கில் நெடுநேரம் நீருக்குள் கிடக்கும் சேற்றுத் தரை. பாடசாலைப் பிள்ளைகளும் சங்கத்து ஆட்களும் வரிசையாக நின்று நட்டார்கள். வயதான மீனவர் ஒருவர் தொலைவில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, இதிலை கண்டல் வராது. வாறதெண்டால் நாங்கள் நட முதலே அது வந்திருக்கும்."

அவர் சொன்னதில் ஒரு முழு அறிவியல் இருந்தது. கண்டல் விதை கடலில் மிதந்து தனக்கு ஏற்ற மட்டத்தில் தானே கரை ஏறி வேர்விடும். பக்கத்திலேயே கண்டல் காடு இருந்தும் ஓரிடத்தில் அது முளைக்கவில்லை என்றால், நீர்மட்டமோ உப்போ அலையோ அதைத் தடுக்கிறது. அந்தக் காரணத்தை மாற்றாமல் கன்றை மட்டும் நட்டால், வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். கொட்டலசு ஒட்டித் தண்டை முறிக்கும். அந்தச் சேற்றுத்தரை வெறும் தரையுமல்ல. இறால் பொறுக்குவதற்குப் பெண்கள் இறங்கும் இடம் அது. வாடைக் காலத்தில் வரும் கரைப்பறவைகளுக்கு இரை அங்கேதான். பெரியவர் சொன்னதை மேலிடத்துக்கு எழுதினோம். ஒதுக்கிய பணத்தை அந்த ஆண்டிலேயே செலவழித்தாக வேண்டும் என்று பதில் வந்தது. அடுத்த வாடைக்குள் கன்றுகள் எல்லாம் பட்டுப்போயின.

எங்கள் கரைக்கு மட்டும் நேர்ந்த இழப்பு இது என்று முதலில் நினைத்தேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கை முழுவதும் நடந்த கண்டல் நடுகைகளைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆராய்ந்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் ஏறத்தாழ 200 ஹெக்டேரே தேறியது. பிழையான இடம், பிழையான இனம், நட்ட பின் பராமரிப்பு இன்மை ஆகியவையே காரணம். அந்த மூன்றையும் ஊரிலே கேட்டிருந்தால் செலவில்லாமல் தெரிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் அதே கரையில் கண்டேன். தங்கூசி வலை பற்றிய சண்டை அது. ஒற்றை நைலோன் இழையில் செய்த இந்த வலை சட்டப்படி தடை. விலை மலிவு, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, மீன் நிறையப் படும். கிழிந்தால் பொத்திப் பாவிக்க முடியாது, கடலிலேயே கைவிடுவார்கள். கைவிட்ட வலை உக்காமல் கிடந்து, ஆட்களே இல்லாமல் மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். அதைப் பாவிக்க வேண்டாம் என்று எங்கள் நிறுவனம் சுவரொட்டி ஒட்டியது, வீதி நாடகம் போட்டது. வலை குறையவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, மீனவர் சங்கமே கூட்டம் வைத்தது. நண்டு பிடிபடுவது குறைந்துபோனது பற்றிய கூட்டம். என்னை யாரும் அழைக்கவில்லை. இருக்கலாமா என்று கேட்டுப் பின்வரிசையில் இருந்தேன். முதலில் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினார்கள். வெளியிணைப்பு இயந்திரப் படகு வைத்திருப்பவர்கள் தெப்பக்காரரைச் சொன்னார்கள். தெப்பக்காரர் படகுக்காரரைச் சொன்னார்கள். தங்கூசி வலையை ஊரில் முழுதாக நிறுத்துவோம் என்று ஒருவர் எழுந்து சொன்னதும் கைதட்டல் எழுந்தது. அப்போது கதவோரம் நின்ற ஒரு பெண் கேட்டார். கணவனைப் போரில் இழந்தவர். தன் வலையை இன்னொருவரின் படகில் பங்குக்குக் கொடுத்துப் பிழைப்பவர்.

"நிப்பாட்டுவம் எண்டு சொல்லிறியள், சரி. மாத்து வலைக்குக் காசு ஆர் தாறது?"

மண்டபம் அடங்கியது. எங்கள் சுவரொட்டியில் இல்லாத கேள்வி அது. தங்கூசி வலை பாவித்தவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தால் பாவிக்கவில்லை, வேறு வலை வாங்க முடியாததால் பாவித்தார்கள் என்பது அந்த ஒரு கேள்வியில் ஊருக்கே வெளிச்சமானது. பேச்சு மதியம் கடந்தும் நீண்டது. கடைசியில் முடிவு எழுதினார்கள். வலை மாற்ற விரும்புகிறவர்களுக்குச் சங்கப் பணத்திலிருந்து வட்டியில்லாக் கடன். மீன் விற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வது. கோயில் திருவிழா வரை தவணை. அதற்குப் பிறகு பிடிபட்டால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை தண்டம், மூன்றாம் முறை சில நாள் தொழிலுக்கு இறங்கத் தடை. நண்டு வலையின் கண் நாலரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கருஞ்சினை நண்டு உயிரோடு வந்தால் கடலிலேயே விட வேண்டும். சினை மஞ்சளாயிருக்கும்போது பொரிக்க நாளிருக்கிறது, கறுத்துவிட்டால் ஓரிரு நாளில் குஞ்சு கடலில் இறங்கிவிடும் என்று விளக்கியவர்கள் நண்டு கழற்றும் பெண்களே.

திருவிழாவுக்குப் பிறகு முதலில் பிடிபட்டவர் சங்கப் பொறுப்பில் இருந்த ஒருவரின் மைத்துனர். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டாம் முறையும் பிடிபட்டபோது தண்டம் கட்டவைத்தார்கள். அன்றைக்குத்தான் விதி நிலைத்தது. வெளியிலிருந்து வந்த எவராலும் அந்தத் தண்டத்தை வாங்கியிருக்க முடியாது.

எலினோர் ஒஸ்ட்ரமைப் பற்றி நான் வாசித்தது இதற்குப் பின்னர்தான். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். மேய்ச்சல் நிலம், பாசன நீர், மீன்வளம் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாமாகவே நீண்டகாலம் காத்துவந்த இடங்களை உலகெங்கும் ஆராய்ந்தவர். அப்படிப்பட்ட இடங்களில் அவர் கண்ட பொதுத்தன்மைகளில் சில: விதியால் பாதிக்கப்படுபவர்களுக்கு அந்த விதியை மாற்றுவதில் பங்கு இருந்தது, தண்டனை படிப்படியாக ஏறியது, கண்காணிப்பவர்கள் அந்த மக்களிலிருந்தே வந்தார்கள், அவர்களின் விதி செய்யும் உரிமையை மேலுள்ள அரசு மதித்தது. எங்கள் சங்க மண்டபத்தில் நான் பார்த்தவற்றில் முதல் மூன்றும் இருந்தன. நாலாவதுதான் இல்லை.

அந்த நாலாவது இல்லாததன் வலியைக் கடலுக்குள் போனால் காணலாம். எங்கள் சங்கம் தன் ஆட்களின் சிறு வலையைக் கட்டுப்படுத்தியது. திங்கள், புதன், சனி நாட்களில் எல்லை கடந்து வரும் இந்திய இழுவைப் படகுகளை அது என்ன செய்யும்? அவை வரும் நாட்களில் வலை அறுந்துபோகும் என்ற பயத்தில் எங்கள் ஆட்கள் தொழிலுக்கே இறங்காத காலம் உண்டு. இழுவை மடி கடலடியை உழுது, கடற்புல்லை வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும். இலங்கை 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. வடபகுதி மீனவர்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற சட்டம் அது. ஊர் உள்ளே காக்கும். வெளி எல்லையை அரசுதான் காக்க வேண்டும். சமூகமே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அரசு விலகி நின்றால், அது ஊரைக் கைவிடுவதாகும்.

அக்கரையில், இந்தியாவிலும் இதே பாடம் எழுதப்பட்டிருக்கிறது. பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். அவர்கள் பாசி எடுத்த மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவானதும் அவர்கள் தொழிலே குற்றமாகிவிட்டது. ஆனாலும் அவர்கள் தமக்குள் கூடி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காக நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது. மகாராட்டிராவின் கட்சிரோலியில் மெந்தா லேகா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மேல் சமூக உரிமையைப் பெற்றது. அங்கே முடிவுகள் பெரும்பான்மையால் எடுக்கப்படுவதில்லை. எல்லோரும் சம்மதிக்கும்வரை பேசுகிறார்கள். காடானாலும் கடலானாலும் காத்தவர்களிடம் உரிமை இருந்த இடத்தில் வளம் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் ஊர் என்றால் ஒரே குரல் என்று நினைத்துவிடக் கூடாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களின் மக்கள் படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது, இருபது ஆண்டுகளில் கடலில் புது வழக்கங்கள் ஊறியிருந்தன. அவர்கள் தொழில் செய்த துறைகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கத்தோலிக்க ஊரின் சங்கமும் முஸ்லிம் ஊரின் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து பேசாத எந்த விதியும் அந்தக் கடலில் நீதியான விதியாகாது. முசலிப் பக்கத்து முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் இடம்பெயர்ந்தார்கள்; அவர்கள் ஊர் கடற்படைத் தளமானது. நூறு ஏக்கரை விடுவிப்பதாக 2017இல் அறிவிப்பு வந்தது. கரையில் காலூன்ற நிலம் இல்லாதவர்களிடம் கடலைக் காக்கச் சொல்வதற்கு எவருக்கும் தகுதி இல்லை. பெண்களின் நிலையும் இதுதான். கதவோரம் நின்று கேட்ட அந்தப் பெண்ணுக்குச் சங்கத்தில் வாக்கு இருக்கவில்லை. படகில் போகிறவர்தான் மீனவர் என்ற எண்ணம் அவரை வெளியே நிறுத்தியிருந்தது. அன்றைய முடிவைத் திருப்பியதே அவர் கேள்விதான்.

இத்தனையும் இன்றைக்கு ஏன் முக்கியம் என்றால், மன்னாரின் மேல் வரைபடங்கள் குவிந்துகொண்டிருக்கின்றன. வங்காலை 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் ஈரநிலமானது. 2015இல் ஆதாம் பாலம் தேசியப் பூங்காவானது. 2016இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடமானது. பூநாரையும், கடற்பசுவாகிய ஆவுளியாவும் வாழ இடம் வேண்டும். இந்த அறிவிப்புகளை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அதே விடத்தல்தீவிலிருந்து 168 ஹெக்டேரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க 2024 மே மாதத்தில் இன்னொரு வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. கொழும்பில் கையெழுத்திட்டு உண்டாக்கியதைக் கொழும்பிலேயே இன்னொரு கையெழுத்தால் அழித்துவிட முடிகிறது. ஊர் தன் விதியாக ஏற்றுக்கொண்ட காவலை அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது.

காற்றாலை விவகாரமும் இதே இடத்தில்தான் சிக்கி நிற்கிறது. தென்கரையோரம் 30 காற்றாலைகளோடு 'தம்பபவனி' 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி எரிக்காமல் மின்சாரம் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வெள்ளம் வடியும் வழி அடைபட்டதாகவும் கரையோர மீன்பாடு குறைந்ததாகவும் தீவு மக்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். வலசைப் பறவைகள் பல இந்தத் தீவின் வழியாக நாட்டுக்குள் வருகின்றன. மன்னாரில் காற்றாலைகள் அமைக்கவிருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கான உபகரணங்கள் வந்தபோது, பிரஜைகள் குழுவும் மதகுருமாரும் மீனவரும் இளைஞரும் வீதிக்கு வந்தார்கள். அபிவிருத்தி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கே, எத்தனை, வெள்ளம் எந்த வழியால் வடியும், இலாபத்தில் தீவுக்கு என்ன பங்கு என்று முடிவெடுக்கும்போது தாங்களும் இருக்க வேண்டும் என்றே கேட்டார்கள். முடிவெடுத்த பிறகு வந்து விளக்கம் சொல்லிவிட்டு, வந்தவர்களின் கையெழுத்தைக் காட்டி மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லும் வழக்கம் ஒழிந்தாலொழிய இந்தச் சண்டை தீராது.

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வளச் சட்டமே, கடற்றொழில் முகாமைத்துவப் பகுதிகளை அறிவிக்கவும் அங்கு தொழில் செய்வோரின் குழுக்களை அமைக்கவும் இடம் தருகிறது. அந்த ஏற்பாட்டை மன்னார்க் கரையெங்கும் உயிரோடு நடைமுறைப்படுத்துங்கள். மீனவர் சங்கம் எழுதிய விதிக்குச் சட்டத்தின் ஆதரவு கொடுங்கள். நண்டு கழற்றும், மீன் காயவைக்கும், இறால் பொறுக்கும் பெண்களைச் சங்கத்தில் முழு அங்கத்தவராக்குங்கள். தமிழ், முஸ்லிம் ஊர்களின் சங்கங்கள் ஒன்றாகக் கூடும் ஒரு மேசையை நிரந்தரமாக வையுங்கள். பாக்கு நீரிணையின் அக்கரையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாவுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு 2022இல் அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவைக் கடலில் விடும் மீனவர்களைப் பாராட்டிச் சன்மானம் வழங்குகிறார்கள். அந்த மரியாதை எங்கள் மீனவருக்கும் கிடைக்கட்டும்.

வெளிக்கள வேலைக்கு வரும் இளையவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஊருக்குப் போனதும் புதுக் குழு அமைக்காதீர்கள். இருக்கிற சங்கத்தின் கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போய் இருங்கள். திட்டத்தை எழுதுமுன் நாலு பருவத்துக் காற்றையும் அந்தக் கரையில் நின்று பாருங்கள். பெரியவர் ஒருவர் "இதிலை வராது" என்று சொன்னால் அதைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஊர் கூடிப் பேசி வேண்டாமென்று சொன்னால், பணத்தைத் திருப்பி அனுப்பும் துணிவும் உங்கள் நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத ஊரிடம் வாங்கும் சம்மதத்துக்கு மதிப்பில்லை.